ஞாயிற்றுக்கிழமை வேனை அனுப்ப வேண்டாம் என்பது குறித்து

அன்புமிக்க மைத்துனருக்கு,

தங்கள் இல்லத்தார் அனைவரும் நலம் என்றே கொண்டு மேலே செல்கிறேன். மாறாக இருப்பின் தெரிவிக்கவும். இங்கும் எல்லோரும் நலம். என் வலது கணுக்கால் மட்டும் இதற்கு விலக்கு. அதன் விவரம் உரிய இடத்தில் வரும்.

1. இக்கடிதத்தை எழுதும் நான் தங்கள் மூத்த சகோதரியின் கணவன், ஐம்பத்தெட்டு வயது நிறைந்தவன், தொழிலால் வழக்கறிஞன். ஆயினும் வாதாடியதைவிடப் பத்திரம் வரைந்தே பெரும்பாலான காலத்தைக் கழித்தவன், ஏனெனில் பத்திரம் எதிர்த்துப் பேசாது.

2. தங்கள் குடும்பத்தில் என் முதுகுக்குப் பின்னால் 'ஸ்டே ஆர்டர்' என்றும், தங்களது கடைசி வருகையின்போது என் முகத்துக்கு நேராகவே 'ஸ்டே ஆர்டர் அத்தான்' என்றும் அழைக்கப்பட்டவன் நானே. இப்பெயரை நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

3. முழுச் சுயநினைவுடன், எவருடைய வற்புறுத்தலும் இன்றி இதை எழுதுகிறேன். தங்கள் அக்கா பக்கத்தில் நின்று "இன்னும் முடியலையா?" என்று கேட்டுக்கொண்டிருப்பது வற்புறுத்தல் ஆகாது, அது எங்கள் வீட்டின் வழக்கமான ஒலி.

4. இக்கடிதத்தின் பொருள், காலஞ்சென்ற என் மாமனாரும் தங்கள் தந்தையுமானவர் ஓட்டிவந்து, அவருக்குப் பின் எங்கள் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் இருந்துவரும் பழைய மோட்டார் சைக்கிள். இனி 'வண்டி' என்று வருமிடங்களில் எல்லாம் அதையே குறிக்கும்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். தொலைபேசியில் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள். சிரிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இதுவரை எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. ஆகவே எழுத்து.

நடந்தது இதுதான். கடைசியாக வந்திருந்தபோது தாங்கள் எங்கள் முன்னறையில், ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து, தங்கள் நண்பர் ஒருவர் உணவகம் திறக்கப் போவதாகவும், அதன் சுவரில் அழகுக்காக மாட்டி வைக்கப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று தேடுவதாகவும், ஷெட்டில் சும்மா கிடப்பதை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றும் கூறினீர்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டால் கனம் குறையும், நாலு கொக்கியில் தொங்கவிடலாம் என்றீர்கள். "மேல ரெண்டு லைட்டப் போட்டா சும்மா ஜொலிக்கும் அத்தான்" என்ற தங்கள் வாசகம் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்கிறது. தங்கள் அக்கா, "கழட்டுன எஞ்சினை என்னடா பண்ணுவ?" என்று கேட்டாள். "இரும்புக் கடைல போட வேண்டியதுதான்" என்றீர்கள். "அப்பா வண்டிக்குக் கீழ உக்காந்து ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்களா?" என்றாள். அப்போது தாங்கள் அளித்த பதில்தான் இந்தக் கடிதத்தின் அடித்தளம்: "அக்கா, உடனே கண்ணைக் கசக்காத. ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உங்க வீட்லேர்ந்து யாராவது இத ஓட்டிக்கிட்டு எங்க வீட்டு வாசலுக்கு வந்துட்டா வண்டி உங்களுக்கே. இல்லேன்னா கடை தொறக்குறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வேனோட வருவேன், ஏத்தி விட்டுரணும்." இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நல்லது. "ஆமா, யாரு ஓட்டப் போறா? ஸ்டே ஆர்டர் அத்தானா?" என்று சிரித்து, குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி, தங்கள் முதுகில் நானே தட்ட வேண்டியதாயிற்று. சற்று பலமாகவே தட்டினேன், அது தற்செயல்.

தாங்கள் புறப்பட்ட பின் தங்கள் அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "நீங்க ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள். எங்கள் இல்வாழ்க்கை முழுவதும் அவள் ஏதாவது செய்யலாம் என்பாள், நான் "பொறு, யோசிப்போம்" என்பேன். வீட்டுக்கு வெள்ளையடிப்பது முதல் மகளின் கல்யாணம் வரை அப்படித்தான் நடந்து, இரண்டுமே நான் யோசித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டன. அன்று என்ன நேர்ந்ததோ, "சரி" என்றேன். ஒரு டம்ளர் கீழே விழுந்தது. அவளும் அதிர்ந்தாள், நானும் அதிர்ந்தேன்.

மோட்டார் சைக்கிள் என்ற வகையிலான எதன்மீதும் அதுவரை நான் ஏறியதில்லை. எனவே முறைப்படி, கையேட்டைப் படிப்பதிலிருந்து தொடங்கினேன். ஷெட்டின் அலமாரியில் எண்ணெய்க் கறையுடன் இருந்த அந்தக் கையேட்டை, கையில் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படித்தேன். வரைவு சுமார் ரகம். 'போதுமான அளவு இறுக்கவும்' என்று பல இடங்களில் வருகிறது. 'போதுமான' என்பதற்கு விளக்கப் பிரிவு எங்கும் இல்லை. இப்படி ஒரு பத்திரத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தால் கட்சிக்காரர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

அடுத்து நிபுணர் கருத்து. எங்கள் தெருமுனையில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எந்த வேலையைக் கொடுத்தாலும் "உடனே முடிஞ்சிரும் சார்" என்பார் என்பதால் தெருவில் அவர் பெயர் 'உடனடி'. அவர் கடையில் உடனே முடிய வேண்டிய வண்டிகள் வரிசையாகத் துருப்பிடித்து நிற்கின்றன. அவர் வந்து, தார்ப்பாயை முழுவதும் விலக்கும் முன்பே, "கார்புரேட்டர் சார்" என்றார்.

"எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"சத்தமே வரலையே சார்."

"வண்டியை இன்னும் யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. சத்தம் எப்படி வரும்?"

"அதான் சார். கார்புரேட்டர் நல்லா இருந்தா ஸ்டார்ட் ஆகியிருக்கும்ல?"

குறுக்கு விசாரணையில் இவ்வளவு உறுதியாக நின்ற சாட்சியை நான் நீதிமன்றத்திலும் கண்டதில்லை. "கடைல விட்டுட்டுப் போங்க, உடனே முடிஞ்சிரும்" என்றார். துருப்பிடித்த வரிசையை நினைத்துப் பார்த்து, சந்தேகம் வரும்போது வந்து கேட்பதாகவும், வேலையை நானே செய்வதாகவும் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். "இந்த வெள்ளைச் சட்டையோடவா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பிரிக்கத் தொடங்கினேன். இதைக் குறித்து ஒளிவுமறைவு இன்றிச் சொல்வது என் கடமை. வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் நான் மிகுந்த ஒழுங்குடன் கழற்றினேன். அந்த ஒழுங்குதான் கெடுத்தது. அலுவலகத்தில் வழக்குக் காகிதங்களை எப்படி வகைப்படுத்துவேனோ அப்படியே பழுப்பு உறைகள் எடுத்து, 'போல்ட்டுகள், பெரியவை', 'போல்ட்டுகள், சிறியவை', 'நட்டுகள்', 'வாஷர்கள்', 'ஸ்பிரிங் போன்றவை', 'இன்னதென்று தெரியாதவை' என்று தலைப்பெழுதி, கழற்றியவற்றை அதனதன் உறையில் இட்டு, ஒட்டி, மேலே கையொப்பமும் இட்டேன். கடைசி உறைதான் மிகப் பருத்திருந்தது. எஞ்சினின் மேல்பாகம் முழுவதும் அலமாரியில் அணிவகுத்து நின்றபோது எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க மாட்டேன். உடனடியை அழைத்து வந்து காட்டினேன். அவர் உறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குலுக்கிக் கேட்டார்.

"சார், இந்த போல்ட்டு எங்க இருந்துச்சு?"

"பெரிய போல்ட்டுகள் உறையில்."

"அது சரி சார். வண்டில எங்க இருந்துச்சு?"

அந்த விவரம் எந்த உறையின் மேலும் எழுதப்பட்டிருக்கவில்லை. உடனடி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு, தம் வாழ்க்கையில் முதல் தடவையாக, "இது உடனே முடியாது சார்" என்றார்.

மீட்டவள் தங்கள் அக்கா. பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தரையில் விரித்து, எஞ்சினைப் பார்த்து அதன் உருவத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் விரிப்பின்மேல் வரைந்தாள். பிறகு நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ஒவ்வொரு துளையிலும் பொருத்திப் பார்த்தோம். பொருந்தினால் படத்தில் அந்த இடத்தில் வைப்பாள். பொருந்தாவிட்டால் அடுத்த துளை. வேறு யாராக இருந்தாலும் அரை மணியில் எழுந்து போயிருப்பார்கள். எனக்கோ இது பழகிய வேலை. எதையும் விடாமல், எதையும் அனுமானிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக மெய்ப்பிப்பது. வாரக் கணக்கில் உட்கார்ந்தோம். "சீட்டுக்கட்டு விளையாடுற மாதிரியே இருக்குங்க" என்றாள் ஒரு நாள். நாங்கள் சேர்ந்து எதையும் விளையாடியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் பொருந்திய பின் ஒரே ஒரு போல்ட் மட்டும் கையில் நின்றது. உடனடி, "பழைய வண்டின்னா ஒண்ணு ரெண்டு மிஞ்சத்தான் சார் செய்யும்" என்றார். நான் ஒப்பவில்லை. ஒரு போல்ட் மிஞ்சுகிறது என்றால் எங்கோ ஒரு துளை காலியாக இருக்கிறது. காலியான துளையோடு ஒரு மனிதன் சாலையில் போவதை நான் அனுமதிக்க முடியாது. மறுபடியும் முழுவதும் பிரித்தேன், மறுபடியும் சேர்த்தேன். மறுபடியும் அதே போல்ட். மூன்றாம் முறையாகப் பிரிக்கக் கை வைத்தபோது தங்கள் அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அட, இது என் தையல் மெஷின் போல்ட்டுங்க! எத்தனை நாளா தேடிக்கிட்டு இருக்கேன்!" என்றாள். அது எவ்வாறு அந்த உறைக்குள் புகுந்தது என்பது குறித்து விசாரணை நிலுவையில் உள்ளது.

இப்போது கணுக்கால். இந்த வண்டியைச் சாவியைத் திருப்பி எழுப்ப முடியாது. காலால் உதைத்து எழுப்ப வேண்டும். அதிலும் எடுத்தவுடன் உதைத்தால் திருப்பி உதைக்கும். கைப்பிடியருகே சிறு நெம்புகோல் ஒன்று உண்டு; அதைப் பிடித்தால் எஞ்சினுள் அடைபட்ட காற்று வெளியேறி உதைக் கம்பி இளகும். அப்படிப் பிடித்து, கம்பியை மெல்ல அழுத்தி, விளக்கருகே உள்ள மின்மானியின் முள் நடுவில் வந்து நிற்கும்போது நெம்புகோலை விட்டுவிட்டு, முழு மனதோடு ஒரே உதை. "பாதி மனசோட உதைச்சீங்கன்னா போச்சு சார்" என்று உடனடி எச்சரித்தார். முழு மனதோடு எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. பாதி மனதோடு உதைத்தேன். அடுத்த கணம் நான் துணி காயும் கொடியில், தங்கள் அக்காவின் இரண்டு புடவைகளுக்கு நடுவே இருந்தேன். கணுக்கால் வீங்கியது. தங்கள் அக்கா கட்டுப் போட்டுக்கொண்டே, "அப்பாவையும் இது ஒரு தடவை தூக்கிப் போட்டிருக்கு" என்றாள். இதைக் கேட்டதும் எனக்கு வலி குறைந்ததென்று சொன்னால் தாங்கள் நம்ப வேண்டியதில்லை, ஆனால் குறைந்தது.

கட்டை அவிழ்த்த பின் மீண்டும் உதைத்தேன். நெடுங்காலத்துக்குப் பின் வண்டி ஓர் இருமல் இருமிவிட்டு எழுந்தது. எழுந்தது என்றாலும் சீராக ஓடவில்லை, விட்டுவிட்டு அடித்தது. மாடியில் குடியிருக்கும் பாட்டு ஆசிரியை புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"சார், பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க முடியல. எதையோ போட்டு ஓட்டுறீங்க, சரி. தாளத்தோடயாவது ஓட்டக் கூடாதா?"

"தாளமா?"

"நாலுக்கு ஒண்ணு விழுகுது சார். கேக்கலையா உங்களுக்கு? ஒண்ணு, ரெண்டு, மூணு, காணோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, காணோம். என் பிள்ளைங்க எல்லாம் அப்படியே பாட ஆரம்பிச்சிருச்சு."

புகார் கொடுக்க வந்தவர் நிபுணர் சாட்சியம் கொடுத்துவிட்டுப் போனார். எரிபொருள் தடைப்பட்டிருந்தால் ஓட்டம் படிப்படியாகத் தொய்ந்திருக்க வேண்டும்; இப்படிக் கணக்காக ஒன்று தவறுவது தீப்பொறியில் உள்ள குறையாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவுக்கு வந்தேன். உடனடி "கார்புரேட்டர் சார்" என்றார். நான் மரியாதையுடன் மறுத்தேன். மூடியைத் திறந்து, தீப்பொறிக்காக ஒன்றையொன்று தொட்டு விலகும் அந்த இரு சிறு முனைகளைப் பார்த்தோம். கருகி இருந்தன. உடனடி என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல், "ஒரு கெட்டி அட்டை குடுங்க சார், நடுவுல விட்டு இழுத்தா சுத்தமாயிரும்" என்றார். சட்டைப் பையிலிருந்து என் பெயர் அட்டையைக் கொடுத்தேன். என் பெயரும் பட்டங்களும் அச்சிட்ட அந்த அட்டை அந்த முனைகளுக்கு நடுவே இழுபட்டு முழுக்கக் கறுத்துத் திரும்பியது. அதுவரை எத்தனையோ பேருக்கு என் அட்டையைக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒரு காரியம் ஆகிக் கண்டது அன்றுதான்.

மூடியைப் போட்டு உதைத்தேன். முழு மனதோடு. மைத்துனரே, அந்த ஒலியைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் பழகிய மொழியில் அதற்குப் பிரிவு இல்லை. மேலே பாட்டு நின்றது. உடனடி கையிலிருந்த துணியை ஆட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து, "சார் கண்டுபிடிச்சிட்டாரு!" என்று கத்தினார். தங்கள் அக்கா கையில் சோப்பு நுரையோடு சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். வெகு நேரம் நின்றாள். "இதான்" என்றாள். நான் எஞ்சினை அணைக்கவில்லை. பெட்ரோல் வீணாகிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே அணைக்கவில்லை.

ஓட்டக் கற்றது தனி வரலாறு. கார் ஓட்டிப் பழகிய காலுக்கு பிரேக் வலது பக்கம். இந்த வண்டியில் வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். ஆகவே நான் நிறுத்த நினைத்த ஒவ்வொரு முறையும் வண்டி கியர் மாறி மேற்கொண்டு சென்றது. எங்கள் தெருவின் கோடியில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெரிய மணல் குவியல். முதல் நாள் நான் நின்றது அதில்தான். இரண்டாம் நாளும் அதில்தான். நாளடைவில் அதையே என் பிரேக்காக ஏற்றுக்கொண்டேன். கொத்தனார், "சார் வர்றாரு, தள்ளு தள்ளு" என்று ஆட்களை ஒதுக்கிவிடப் பழகிவிட்டார். ஆனால் கட்டடம் உயர உயர மணல் குறைந்தது. "இன்னும் கொஞ்ச நாள் மணலை வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டேன். "வீட்டுக்காரர் குடிவர வேணாமா சார்?" என்றார். மணல் கரையக் கரைய என் இடது கால் விழித்துக்கொண்டது. கடைசிச் சட்டி மணலை அள்ளிய அன்று அந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால், பிரேக்கால் மட்டுமே நின்றேன். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அதன்பின் நாள்தோறும் ஓட்டுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, தெருமுனையில் இடது, அடுத்த முனையில் இடது, அதற்கடுத்ததிலும் இடது, மறுபடியும் இடது திரும்பி வீடு சேர்கிறேன். வலது பக்கம் திரும்புவது எதிரே வருபவர்களின் உரிமையில் குறுக்கிடுவதாகும் என்பதால் அதை இதுவரை மேற்கொள்ளவில்லை. வழியில் உள்ள தையற்கடைக்காரர் தினமும் நான் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வெளியே வந்து கைகாட்டி நிறுத்தி, "ரொம்ப நாளா பாக்குறேன். எதையாவது தொலைச்சிட்டீங்களா சார்? நானும் தேடட்டுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

இனி சட்ட நிலைமைக்கு வருகிறேன். தாங்கள் விதித்த நிபந்தனை, 'ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வருவது'. தங்கள் இல்லத்துக்கு வர, பிரதான சாலையில் ஒருமுறை வலது பக்கம் திரும்பியாக வேண்டும். ஆகவே என் பணிவான வாதம் இதுதான்: நிபந்தனையின் எழுத்தைவிட நோக்கமே முக்கியம். வண்டி ஓடுகிறதா, ஓட்ட ஆள் இருக்கிறதா என்று அறிவதே தங்கள் நோக்கம். எங்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி நான் இதுவரை ஓட்டிய மொத்தத் தூரம் தங்கள் வீட்டுக்குப் போய் வரும் தூரத்தைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். திசை மட்டுமே வேறு. எனவே நிபந்தனை சாராம்சத்தில் நிறைவேறிவிட்டதாகக் கொள்ள வேண்டும். 'ஒரு பேச்சுக்கு' என்று தொடங்கியதால் அது வாக்குறுதி ஆகாது என்று தாங்கள் எதிர்வாதம் செய்யக்கூடும். அதைக் கேட்டுக்கொண்டிருந்தது தங்கள் அக்கா. அவளிடம் போய் அந்த வாதத்தைச் செய்துபாருங்கள்.

ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை வேனை எக்காரணம் கொண்டும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும், தங்கள் நண்பரின் சுவருக்கு வேறொரு பொருளை, உதாரணமாக ஒரு கடிகாரத்தை, பரிந்துரைக்குமாறும், வண்டி தங்கள் அக்காவுடையதே என்பதை எழுத்தில் உறுதி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்களும் தங்கள் மனைவி மக்களும் எல்லா நலமும் பெற்று, சிரிக்கும்போது கையில் தண்ணீர் இல்லாமல், நீடு வாழ வாழ்த்தும்,

(ஒப்பம்)
தங்கள் அத்தான்

சாட்சிகள்:
1. தங்கள் அக்கா. ("எல்லாம் உண்மை. புடவை ரெண்டு இல்ல, மூணு.")
2. உடனடி. ("கார்புரேட்டரும் கொஞ்சம் இருந்துச்சு சார்.")
3. மாடி வீட்டுப் பாட்டு ஆசிரியை. (தாளம் சரியாகிவிட்டது என்பதற்கு மட்டும்.)

பின்குறிப்பு: ஞாயிறு முற்பகல், தங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, தங்கள் எதிர் வீட்டு அம்மையார் கொடுத்த பேனாவால் எழுதுவது.

மேற்கண்ட கடிதத்தை நேற்று மாலை உறையிலிட்டு ஒட்டும்போது தங்கள் அக்கா, "இதை எப்போ போடுவீங்க?" என்றாள். "திங்கட்கிழமை, பதிவுத் தபாலில்" என்றேன். "வேன் எப்போ வருது?" என்றாள். வாசகங்களைத் திருத்தித் திருத்தி, சாட்சிகளின் வசதிக்குக் காத்திருந்து, கடிதம் தடுக்க வேண்டிய ஞாயிறு கடிதத்துக்கு முன்பே வந்து நிற்பதை நான் கவனிக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. காலையில் வண்டியருகே தலைக்கவசத்துடன் நின்றுகொண்டு, "நேர்லயே குடுத்துரலாம், வாங்க" என்றாள். "காரிலா?" என்றேன். பார்த்தாள். நான் வண்டியில் ஏறினேன். பின்னால் அவள் ஏறினாள். ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாதென்ற என் ஏற்பாட்டின்படி இருவர் கைபேசியும் வீட்டு மேஜையில்.

பிரதான சாலையின் முனையில், சாலை முற்றிலும் காலியாகட்டும் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். "ஏங்க, இன்னும் கொஞ்சம் நின்னா பஸ் ஸ்டாப்புன்னு ஆளுங்க வந்து நிக்க ஆரம்பிச்சிருவாங்க" என்றாள். "பொறு, யோசிப்போம்" என்றேன். "நான் கைய நீட்டிட்டேன்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். வலது கையை நேராக, முழு நீளத்துக்கு, சாலைக்குக் குறுக்கே நீட்டியிருந்தாள். ஒரு லாரி நின்றுவிட்டது. அவள் கை கொடுத்த வாக்கை நான் மீற முடியுமா? திரும்பினேன். வலது பக்கம். லாரிக்காரர் வழிவிட்டார், வானம் இடிந்து விழவில்லை. என் காதருகே அவள் சிரித்தாள். எஞ்சின் சத்தத்தில் நான் கேட்கவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம், கேட்டேன்.

பாதி வழியில் எதிர்த் திசையில் ஒரு நீல வேன் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்தவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்திக் கையாட்டினார். என் வேகத்தைக் குறித்த வழக்கமான வசை என்று கருதி நான் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தங்கள் எதிர் வீட்டு அம்மையார் இப்போது சொல்கிறார்: "அவரு காலையிலேயே நீல வேன் எடுத்துட்டு உங்க வீட்டுக்குத்தானே கிளம்பினாரு?" ஆக, பூட்டிய எங்கள் வீட்டு வாசலில் தாங்கள் வேனுடனும், பூட்டிய தங்கள் வீட்டு வாசலில் நாங்கள் வண்டியுடனும் இருக்கிறோம். நிபந்தனை வாசல் வரை வருவது. தாங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதல்ல.

இன்னொன்று. தங்கள் வாசலில் நிறுத்தப் பிடித்தபோது கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது. வண்டி இங்கிருந்து நகராது. முன்சக்கரம் தங்கள் கேட்டைத் தொட்ட பிறகே அறுந்தது, முன்பு அல்ல. தொட்ட இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருப்பது இதற்குச் சான்று, பூசிவிட வேண்டாம்.

எனவே, வேன் வேண்டாம் என்று மேலே கூறிய அனைத்தையும், அதற்கு ஆதரவான வாதங்களுடன் சேர்த்து, இதனால் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து வேனுடன் உடனே வரவும். தங்கள் அக்காவின் வண்டியைத் தங்கள் அக்காவின் வீட்டுக்கு ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. அம்மையார், "நீங்களே பேசுங்களேன்" என்று தம் கைபேசியை நீட்டுகிறார். வாய்ப்பேச்சு பின்னால் மறுக்கப்படும் என்பதால் மறுத்துவிட்டேன். இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அவர் தங்களுக்கு அனுப்புகிறார்.

(ஒப்பம்)
தங்கள் அத்தான், வண்டி ஓட்டுபவர்

வந்து சேர்ந்ததற்குச் சாட்சிகள்:
1. தங்கள் எதிர் வீட்டு அம்மையார், தம் வாசலில் இருந்து.
2. தாங்கள், நீல வேனின் ஜன்னலில் இருந்து.